மெதுவாக ஓட வேண்டிய நாளில் மெதுவாகவே ஓடுவது எப்படி?

விடியற்காலை ஐந்தரை மணிக்கு மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில், அதாவது எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில், கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காவலர் தேர்வுக்குப் பழகும் பையன்கள் வருவார்கள். காலை இரண்டு உதறு உதறிவிட்டு 1500 மீட்டரைத் தம் கட்டி ஓடுவார்கள். முழங்காலில் கையை ஊன்றி, இரைக்க இரைக்கக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மறுநாளும் இதே கதை. முதல் சில வாரம் நேரம் மளமளவென்று குறையும். பிறகு 7:20, 7:15 என்று ஓரிடத்தில் போய் நின்றுவிடும். கொஞ்ச நாளில் முன்னங்கால் எலும்பில் வலி தொடங்கும். வலி வந்தவர் இன்னும் முறுக்கிக்கொண்டு ஓடுவார்.

10 கி.மீ., அரை மாரத்தான் என்று ஆசைப்பட்டு ஓட வரும் நாற்பது வயதுக்காரர்களும் செய்வது ஏறக்குறைய இதேதான். தூரம்தான் வேறு. தினமும் ஒரே மாதிரி, பாதி சிரமத்தில் ஓடுவார்கள். அது மெதுவும் இல்லை, வேகமும் இல்லை.

எவ்வளவு சிரமப்பட்டு ஓடுகிறோம் என்பதைக் கோச்சுகள் இன்டென்சிட்டி என்பார்கள். இங்கே தீவிரம் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தீவிரத்தை நாளுக்கு நாள் மாற்றத் தெரிந்தால் நேரம் குறையும், காலும் தப்பிக்கும்.

மெது ஓட்டம் எதற்கு?

மெதுவாக ஓடும்போது இதயம் ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. கொழுப்பை எரித்து ஓடும் பழக்கம் உடலுக்கு வருகிறது. வேகமாக ஓடினாலும் இதெல்லாம் நடக்கும். ஆனால் அப்படி ஓடினால் மறுநாள் உடம்பு எழுந்திருக்காது. மெது ஓட்டத்தை மறுநாளும் ஓடலாம், அதற்கு அடுத்த நாளும் ஓடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாண்களும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். ‘தம் வந்துடுச்சு’ என்று தோன்றும் அந்த இரண்டாவது மாதத்தில்தான் பலருக்கு முன்னங்கால் வலியும் குதிகால் வலியும் வருகின்றன. இன்ஜின் தயார், சேஸிஸ் இன்னும் தயாராகவில்லை.

நார்வேயில் பணியாற்றிய அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், உலகத் தர நெடுந்தூர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்தபோது, பத்துப் பயிற்சிகளில் ஏறக்குறைய எட்டு மெதுவானவையாகவே இருக்கக் கண்டார். ‘எண்பது-இருபது’ என்று ஓட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். அதற்கு வெகுகாலம் முன்பே நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு, 800 மீட்டர்காரரான பீட்டர் ஸ்னெலைக்கூட வாரம் 100 மைல் அளவுக்கு ஓடவைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், லிடியார்டின் இன்னொரு சீடர் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள்.

முதல் படி: உங்கள் மூன்று நிலைகளைக் கண்டுபிடியுங்கள்

கடிகாரம் வாங்குவதற்கு முன் வாயைப் பயன்படுத்துங்கள். பத்து நிமிடம் ஓடிச் சூடான பிறகு, ஓடிக்கொண்டே அழகர்கோவில் பஸ் போகும் வழியைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: பெரியார், சிம்மக்கல், கோரிப்பாளையம், தல்லாகுளம், புதூர், மூன்றுமாவடி.

ஆறு ஊரையும் ஒரே மூச்சில், சாதாரணக் குரலில் சொல்ல முடிந்தால் அது முதல் நிலை, மெது. ஒன்று முதல் பத்து வரை சிரமத்துக்கு மதிப்பெண் போட்டால் 3 அல்லது 4 போடுவீர்கள்.

கோரிப்பாளையத்தில் ஒரு மூச்சு, புதூரில் ஒரு மூச்சு என்று வாங்க வேண்டியிருந்தால் இரண்டாம் நிலை, இடைவேகம். மதிப்பெண் 6 அல்லது 7. நன்கு பழகியவர் இந்த நிலையின் உச்சத்தை ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பார். டெம்போ ஓட்டம் என்பது இதுதான்.

‘பெரியார்’ என்றதுமே இரைத்தால் மூன்றாம் நிலை, கடுமை. மதிப்பெண் 8, 9. இன்டர்வல் என்று விட்டுவிட்டு ஓடுவது இந்த நிலையில்.

மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு ‘எனக்கு மெதுதான்’ என்று முடிவு கட்டாதீர்கள். மனதுக்குள் மாட்டுத்தாவணி வரைக்கும் மூச்சுவிடாமல் போய்விடலாம். சத்தம் வெளியே வர வேண்டும். பக்கத்தில் நடப்பவர் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.

இரண்டாம் படி: இதயத் துடிப்பு எண்

கடிகாரம் வைத்திருப்பவர்கள் 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடுகிறார்கள். 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது இதைவிடக் கொஞ்சம் மேல். ஆனால் இரண்டுமே கூட்டத்துக்கான சராசரிதான். தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ போகலாம். உங்கள் உண்மையான உச்சம் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு 188 என்று சொன்னால், உங்களுக்கு மெதுவான வேகத்தைக்கூடக் கடிகாரம் கடுமை என்று காட்டிப் பயமுறுத்தும்.

இதைவிட நம்பகமானது 30 நிமிடச் சோதனை. குறைந்தது இரண்டு மாதம் ஓடிப் பழகியவர்களுக்கு மட்டும் இது. நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், ஓடும்போது நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும்.

15 நிமிடம் மெதுவாக ஓடிச் சூடேறுங்கள். பிறகு டிராக்கில் 30 நிமிடம், தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராக, உங்களால் தாங்க முடிந்த அதிக வேகத்தில் ஓடுங்கள். பத்தாவது நிமிடத்தில் லேப் பொத்தானை அழுத்துங்கள். கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்புதான் உங்கள் எல்லைத் துடிப்பு. அதன் 88 விழுக்காட்டை மெது ஓட்டத்தின் கூரையாக வையுங்கள். எல்லை 170 என்றால் கூரை 150. டெம்போ 163 முதல் 170 வரை. அதற்கு மேல் போனால் கடுமை. ஆய்வகத்தில் செய்யும் சோதனை இல்லை என்பதால் இரண்டு மூன்று துடிப்பு பிசகலாம், பரவாயில்லை. எண்ணும் வாயும் ஒத்துப்போகாவிட்டால் வாயை நம்புங்கள்.

கடிகாரத்தில் ஒரு கோளாறு அடிக்கடி நேரும். பட்டை தளர்வாக இருந்தால், மணிக்கட்டுக்கு அடியிலுள்ள பச்சை விளக்கு ரத்த ஓட்டத்துக்குப் பதில் கை அசைவைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் ஊர் பேர் சொல்லிக்கொண்டு மெதுவாக ஓடுவீர்கள், அது 168 என்று காட்டும். 168 என்பது உங்கள் காலடி எண்ணிக்கை, நிமிடத்துக்கு. சந்தேகம் வந்தால் நின்று, மணிக்கட்டு நாடியை உடனே 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நின்றதும் துடிப்பு சட்டென்று இறங்கும் என்பதால் தாமதிக்கக் கூடாது. கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, தோல் நகராத இறுக்கத்தில் கட்டுங்கள். மார்புப் பட்டை இன்னும் துல்லியம். அணியும் முன் அதன் உட்பக்கத்தைத் தண்ணீரில் நனைக்க மறந்தால் முதல் பத்து நிமிடம் உளறும்.

மூன்றாம் படி: அதை வேகமாக மாற்றிக்கொள்ளுங்கள்

5 கி.மீ. தூரத்தை 30 நிமிடத்தில் முடிப்பவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய போட்டி வேகம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம். மெது ஓட்டம் 7:20 முதல் 8:15 வரை. டெம்போ 6:20, 6:30. இன்டர்வல் 6 நிமிட வேகம், அதாவது 400 மீட்டருக்கு 2:24.

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுபவர்களுக்குக் கணக்கு இன்னும் சுலபம். ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 கி.மீ. நாம் எடுத்துக்கொண்டவர் மெது நாளில் ஒரு சுற்றை 9 நிமிடத்துக்குக் குறையாமல் முடிக்க வேண்டும். எட்டு நிமிடத்தில் வந்தால் அது மெது இல்லை. காலையில் அங்கே நடப்பவர்கள் கூட்டம் அதிகம். வேகமாக நடக்கும் பெரியவர் ஒருவர் கிட்டத்தட்ட உங்கள் கூடவே வருவார். சங்கடமாகத்தான் இருக்கும், விட்டுவிடுங்கள்.

மெதுவாக ஓடுவதென்றால் காலை இழுத்து இழுத்து ஓடுவதில்லை. அடியைச் சின்னதாக்குங்கள், அடிகளின் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். செருப்பு தேய்வதுபோல ‘சரக் சரக்’ என்று கேட்டால் கால் தூக்குவது போதவில்லை.

டிராக்கில் ஓடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 400 மீட்டர் என்பது உள்ளே இருக்கும் முதல் பாதைக்கு மட்டும். நான்காம் பாதையில் ஒரு சுற்று சுமார் 422 மீட்டர், எட்டாம் பாதையில் 453. மெதுவாக ஓடுபவர்கள் வெளிப்பாதையில் ஓடுவதுதான் மரியாதை. அப்படி ஓடிவிட்டு, ‘சுற்றுக்கு மூன்றரை நிமிடம் ஆகிறதே’ என்று கலங்கி வேகத்தைக் கூட்டுபவர்கள் நிறைய. எட்டாம் பாதையில் மூன்றரை நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 7:44. நாம் எடுத்துக்கொண்டவருக்கு அது மிகச் சரியான மெது வேகம்.

நான்காம் படி: வாரத்தை அமையுங்கள்

30 நிமிடம் நிற்காமல் ஓட முடியாதவர்களுக்கு இந்தப் பகுதி இப்போதைக்கு வேண்டாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று பத்து முறை, வாரம் நான்கு நாள். வாராவாரம் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறையுங்கள். இந்தக் கட்டம் எட்டு வாரமானாலும் முழுக்க மெதுதான்.

ஓட முடிந்தவர்களுக்கு, வாரம் ஐந்து நாள் என்று வைத்தால் இப்படி:

செவ்வாய்: 15 நிமிடம் மெதுவாக. பிறகு 3 நிமிடம் கடுமை, 2 நிமிடம் நடை கலந்த மெது, இப்படி ஐந்து முறை. கடைசியில் 10 நிமிடம் மெதுவாக.
புதன்: 40 நிமிடம் மெது.
வியாழன்: 40 நிமிடம் மெது.
சனி: 40 நிமிடம் மெது. முடிவில் 20 விநாடி துள்ளலான ஓட்டம் நான்கு முறை, நடுவில் ஒரு நிமிடத்துக்கு மேல் நடை.
ஞாயிறு: 70 நிமிடம் மெது.

மொத்தம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். இதில் உண்மையாகவே கடுமையாக ஓடியது செவ்வாய்க்கிழமையின் 15 நிமிடம்தான். ‘இவ்வளவுதானா?’ என்று எல்லோரும் கேட்பார்கள். முதல் மூன்று மாதத்துக்கு இவ்வளவுதான். அதன் பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இன்டர்வலுக்குப் பதில் டெம்போ: 8 நிமிடம் மூன்று முறை, நடுவில் 2 நிமிடம் மெது. தூரத்தையும் கடுமையையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் மொத்த நேரத்தில் கால் பங்கைக் குறைத்துவிடுங்கள்.

இன்டர்வல் நாளில் பிழை நேர்வது பெரும்பாலும் முதல் ஓட்டத்தில். கால் புதிதாக இருக்கும், பக்கத்தில் ஆள் இருப்பார், 3 நிமிடத்துக்குப் பதில் 400 மீட்டர் என்று வைத்து ஓடுபவர்கள் அதை 2:24க்குப் பதில் 2:05இல் ஓடிவிடுவார்கள். நான்காவது ஓட்டம் 2:30, ஐந்தாவது 2:40. கூட்டிப் பார்த்தால் சராசரி சரியாக இருக்கும். ஆனால் உடம்பு வாங்கியது வேறு பயிற்சி: ஒரு அரைகுறை ஸ்பிரிண்ட், மிச்சமெல்லாம் தள்ளாட்டம். ஐந்தும் ஒரே நேரத்தில் வர வேண்டும், அல்லது கடைசி ஓட்டம் ஒரு விநாடி முந்தி வர வேண்டும். முடித்ததும் ‘இன்னும் ஒன்று ஓடலாம்’ என்று தோன்றினால் அளவு சரி.

மதுரை வெயில்

மேலே சொன்ன வேகக் கணக்கெல்லாம் சித்திரை, வைகாசியில் செல்லாது. உடம்பு சூடானால், குளிர வைப்பதற்காக ரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குத் திரும்பிவிடும். வியர்வையால் ரத்தத்தின் நீர் அளவும் குறையும். அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கும். அதனால் மார்கழியில் 148இல் ஓடிய அதே வேகம், மே மாதத்தில் 160ஐத் தொடும். ஓட ஓட எண் தானாக ஏறிக்கொண்டே போகும்.

அப்போது வேகத்தை மறந்துவிட்டு, கூரையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கூரை 150 என்றால், அதைத் தாண்டியதும் வேகத்தைக் குறையுங்கள், அப்படியும் இறங்காவிட்டால் நடங்கள். கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூடுதலாக ஆனால் அது உங்கள் குறையில்லை. ஐந்து மணிக்கே தொடங்குங்கள். ஞாயிறு நீண்ட ஓட்டத்தை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள்.

எவ்வளவு தண்ணீர் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஓடும் முன்பும் பின்பும், குறைந்த உடையில், துடைத்துக்கொண்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால் அடுத்த முறை வழியிலேயே குடித்தாக வேண்டும். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ நீர்மோரோ போதும். ஒரே மடக்கில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். ஜிகர்தண்டா ஓட்டத்துக்கான பானம் இல்லை. சாயங்காலம் தனியாகக் குடித்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் ஓடும்போது மயிர் கூச்செறிந்து குளிர்வதுபோல் இருந்தாலோ, தலை சுற்றினாலோ அத்தோடு நிறுத்துங்கள். கூட ஓடுபவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ தடுமாறினாலோ நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

மெது நாள் கெட்டுப்போகும் விதங்கள்

முக்கியமான காரணம் கூட்டம். குழுவாக ஓடினால் யாராவது ஒருவர் அரை அடி முன்னால் போவார், மற்றவர்கள் ஈடுகொடுப்பார்கள், அவர் இன்னும் அரை அடி. மூன்றாவது கிலோமீட்டரில் பேச்சு நின்றுபோகும். பேச்சு நின்றதும் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குழுவின் வேகத்தை மிக மெதுவானவர் தீர்மானிக்கட்டும்.

ஏற்றம் இன்னொன்று. அழகர்கோவிலில் இருந்து பழமுதிர்ச்சோலைக்கு ஏறும் சாலை அழகானது, ஆனால் அங்கே மெது ஓட்டம் என்பது ஓட்டமும் நடையும்தான். சமவெளி வேகத்தில் ஏறினால் இரண்டாவது வளைவிலேயே மூன்றாம் நிலை. அங்கே கையில் வாழைப்பழம் இருந்தால் குரங்குகள் வேறு பயிற்சி கொடுக்கும்.

நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்று மெல்ல நடந்து கடந்துவிடுங்கள். துடிப்பு 180 ஆகியிருக்கும். அது இறங்கும் வரை நடங்கள்.

படுக்கையை விட்டு எழும் முன் நாடியை எண்ணி ஒரு வாரம் எழுதிவையுங்கள். வழக்கமாக 58 அடிப்பது இரண்டு நாள் தொடர்ந்து 65 அடித்தால், செவ்வாய்க்கிழமை என்றாலும் இன்டர்வல் வேண்டாம். தூக்கம் கெட்டிருக்கலாம், காய்ச்சல் வரப்போகலாம், முந்தின இரவு கல்யாண வீட்டில் நேரமாகியிருக்கலாம். காய்ச்சல் இருந்தால் மெது ஓட்டமும் கூடாது.

1500 மீட்டர் பையன்களுக்கு

காவலர் தேர்வில் 1500 மீட்டருக்குக் கொடுக்கும் 7 நிமிடம் என்பது 400 மீட்டருக்கு 1:52. டிராக்கில் 1500 என்றால் முதலில் 300 மீட்டர், பிறகு முழுச் சுற்று மூன்று. முதல் 300ஐ 1:24இல் கடந்து, பின் ஒவ்வொரு சுற்றையும் 1:52இல் ஓடினால் சரியாக 7:00. கடைசி நேரத்துக்குக் கொஞ்சம் இடம் வேண்டும் என்பதால் 6:45க்குப் பழகுங்கள்: 300 மீட்டர் 1:21, சுற்றுக்கு 1:48.

வாரம் இரண்டு நாள் மட்டும் கடுமை, நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. ஒரு நாள் 400 மீட்டர் ஐந்து முறை, ஒவ்வொன்றும் 1:48இல், நடுவில் 2 நிமிடம் நடை. இன்னொரு நாள் 15 நிமிட டெம்போ. மற்ற மூன்று நாள் 30 முதல் 40 நிமிடம் ஊர் பேர் சொல்லிக்கொண்டு மெதுவாக. ஒரு நாள் முழு ஓய்வு, மிச்ச ஒரு நாள் நீளம் தாண்டுதல், கயிறு ஏறுதலுக்கு. முழு 1500ஐ நேரம் வைத்து ஓடுவது மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். அன்றைக்கும் முதல் 300ஐ 1:05இல் பாய்ந்து ஓடுபவர் மூன்றாவது சுற்றில் 2:05க்கு விழுவார். முன்னால் ஓடுபவர்களைப் போக விடுங்கள். அவர்களில் பாதிப் பேரை இரண்டாவது சுற்று முடிவதற்குள் பிடித்துவிடலாம்.

முன்னேற்றத்தை அளப்பது

போட்டி வைத்துத்தான் அளக்க வேண்டும் என்றில்லை. ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, அதே தெப்பக்குளம், அதே நேரம், நான்கு சுற்று, துடிப்பு கூரைக்குச் சற்றுக் கீழே (கூரை 150 என்றால் 145ஐ ஒட்டி). முதல் முறை 38 நிமிடம் ஆனது அடுத்த முறை 36:30 ஆனால் பயிற்சி வேலை செய்கிறது. மாசியில் எடுத்த நேரத்தைச் சித்திரையில் எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள். நேரம் குறையவில்லை என்றால், வேகத்தைக் கூட்டுவதற்கு முன் கடந்த ஐந்து வாரத்தின் மெது நாட்களைக் கடிகாரத்தில் திறந்து பாருங்கள். கூரையைத் தாண்டிய நிமிடங்கள் எவ்வளவு என்று எண்ணுங்கள். அங்கேதான் பெரும்பாலும் விடை கிடக்கும்.